வீட்டுக்குள் சைக்கிள், வாட் கணக்கில் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்பயிற்சி சைக்கிள் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டுத் திரையில் தெரியும் எண்ணை நம்புவதா வேண்டாமா என்று குழம்புகிறவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். பதில்கள் அனைத்துக்கும் அளவுகோல் ஒன்றே: இன்று 200 வாட் என்று காட்டும் கருவி, அதே உழைப்புக்கு மூன்று மாதம் கழித்தும் 200 என்றே காட்ட வேண்டும். மற்ற வசதிகளையெல்லாம் அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

1. வாட் என்பது மின்விளக்குக்குச் சொல்வதாயிற்றே, காலுக்கு எப்படிப் பொருந்தும்?

ஒரு விநாடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதுதான் வாட். வேலையைச் செய்வது மின்சாரமா, தசையா என்பது அதற்கு முக்கியமில்லை. சைக்கிளில் இரண்டு விஷயங்களின் பெருக்கலாக அது வருகிறது: பெடலை எவ்வளவு முறுக்குவிசையோடு மிதிக்கிறீர்கள், நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறீர்கள். நிமிடத்துக்கு 90 சுற்றில் 200 வாட் தர ஏறத்தாழ 21 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். 60 சுற்றாகக் குறைத்தால் அதே 200 வாட்டுக்கு ஏறத்தாழ 32 வேண்டும். திறன் ஒன்றுதான், தொடைக்கு ஏறும் பாரம் வேறு.

திரையில் வரும் வேகத்தையும் கிலோமீட்டரையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிளுக்கு வேகம் கிடையாது. அது தயாரிப்பாளர் எழுதிய ஒரு சூத்திரத்தின் விடை, அவ்வளவுதான்.

2. இதயத்துடிப்பைப் பார்த்தே பயிற்சி செய்யலாமே, வாட் எதற்கு?

செய்யலாம்; பல தலைமுறை வீரர்கள் அப்படித்தான் செய்தார்கள். சிக்கல், துடிப்பு தாமதமாக ஏறுவதில் இருக்கிறது. முப்பது விநாடி முழுமூச்சாக மிதித்தால், துடிப்பு உச்சத்தை எட்டுவதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிடும். தூக்கக் குறைவு, வெப்பம், காபி, பதற்றம் எல்லாமே அதை மாற்றும். வாட் அந்த நொடியிலேயே மாறுகிறது. கால் செய்ததைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை.

அதற்காகத் துடிப்புப் பட்டையைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். வாட் நீங்கள் செய்த வேலையைச் சொல்கிறது. துடிப்பு அதற்கு உடல் கொடுத்த விலையைச் சொல்கிறது. அதே 150 வாட்டில் சில வாரங்களுக்குப் பிறகு துடிப்பு குறைந்திருந்தால் அது நல்ல முன்னேற்றம். ஒரே வாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டும்போது இரண்டாவது அரைமணியில் துடிப்பு வெகுவாக ஏறினால், தாங்குதிறன் இன்னும் போதவில்லை, அல்லது அறை மிகச் சூடாக இருக்கிறது.

3. என் சைக்கிளின் திரையிலும் வாட் வருகிறதே, அது போதாதா?

அது அளந்த எண்ணா, கணித்த எண்ணா என்பதைப் பொறுத்தது. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கிலோ பெடலிலோ ஸ்ட்ரெயின் கேஜ் என்ற உணரி இருந்தால், உலோகம் மயிரிழை அளவு வளைவதை அது மின்தடை மாற்றமாகப் பதிவு செய்து விசையை அளக்கிறது. 1986இல் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபெரர் எஸ்ஆர்எம் என்ற பெயரில் கிராங்கில் கொண்டுவந்த, வாட்டை அளக்கும் பவர் மீட்டரின் அடிப்படையும் இதுவே.

இரண்டாவது வகையில் விசை உணரி இல்லை. காந்தம் எந்த நிலையில் இருக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற இரண்டையும் வைத்து, தொழிற்சாலையில் தயாரித்த ஓர் அட்டவணையிலிருந்து வாட் எடுக்கப்படுகிறது. அட்டவணை கவனமாகத் தயாரிக்கப்பட்டிருந்தால் பயிற்சிக்குப் பயன்படும். மூன்றாவது வகை வெறும் ஊகம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: சுற்று எண்ணிக்கையை மாற்றாமல் எதிர்ப்பைக் கூட்டிப் பாருங்கள். கால் கனக்கிறது, வாட் அசையவில்லை என்றால், அந்தச் சைக்கிள் உங்கள் உழைப்பை அறியவே இல்லை. அந்த எண்ணை வைத்து எந்தப் பயிற்சித் திட்டமும் போட முடியாது.

4. உராய்வு, காந்தம், காற்று என்று கடையில் அடுக்குகிறார்கள். எதை எடுப்பது?

உராய்வு வகையில், பெடல் சுழற்றும் சக்கரமான ஃப்ளைவீல்மீது கம்பளி அல்லது தோல் பட்டை அழுத்துகிறது. விலை குறைவு, அமைப்பு எளிது. ஆனால் பட்டை தேய்கிறது, சூடாகிறது, வியர்வை பட்டால் வழுக்குகிறது. குமிழ் அதே இடத்தில் இருந்தாலும் பத்து நிமிடம் கழித்து எதிர்ப்பு மாறியிருக்கும். இதனால் உராய்வு என்றாலே மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் பயன்படும் மொனார்க் சைக்கிளும் உராய்வு வகைதான். அதில் பட்டையை இழுப்பது அளவு தெரிந்த எடை. ஒரு சுற்றுக்குச் சக்கர விளிம்பு 6 மீட்டர் நகர்கிறது. ஆகவே ஒரு கிலோ எடையோடு நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் ஏறத்தாழ 59 வாட். காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். ஆகவே விசையின் அளவு தெரியாமல் இருப்பதுதான் சாதாரண உராய்வு சைக்கிளின் குறை.

காந்த வகையில் எதுவும் எதையும் தொடுவதில்லை. சுழலும் அலுமினியத் தகட்டுக்கு அருகே காந்தம் வரும்போது தகட்டில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதை மட்டுப்படுத்துகிறது. சத்தமில்லை, தேய்மானமில்லை. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு: தகடு சூடானால் அதன் மின்தடை கூடி, எதிர்ப்பு சற்றுக் குறைகிறது. அட்டவணையை நம்பும் சைக்கிள் இதை அறியாது. நீண்ட, கடினமான பயிற்சியின் பின்பகுதியில் உண்மையைவிடக் கூட்டியே காட்டும். காந்தத்துக்குப் பதில் மின்காந்தம் இருந்தால் எதிர்ப்பைக் கணினியே மாற்றலாம். வாட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் எர்க் முறைக்கு (11ஆம் கேள்வி) கணினியே இப்படி எதிர்ப்பை மாற்றுவது தேவை.

காற்று வகையில் விசிறிதான் எதிர்ப்பு. சுழற்சி இரு மடங்கானால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். விரைவோட்டப் பயிற்சிக்கு அருமையான உணர்வு, சத்தம் அதிகம். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் இதை யோசித்து வாங்குங்கள். வாட் பயிற்சிதான் நோக்கம் என்றால், நான் காந்தத்தையோ மின்காந்தத்தையோதான் பரிந்துரைப்பேன்.

5. பிளஸ் மைனஸ் 1 சதவீதம் என்று போட்டிருப்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

250 வாட்டில் 1 சதவீதம் என்பது 2.5 வாட், 2 சதவீதம் என்றால் 5 வாட். ஒரே நபரின் திறன் நாளுக்கு நாள் மாறுவது இதைவிடக் கூடுதல். 1க்கும் 2க்கும் இடையிலான வேறுபாட்டுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

எப்போதும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் எடைத் தராசை வைத்துக்கொண்டு உடல் மெலிகிறதா என்று கண்டறியலாம். ஒருநாள் கூட்டியும் மறுநாள் குறைத்தும் காட்டும் தராசை வைத்து எதையும் அறிய முடியாது. பவர் மீட்டரும் அப்படித்தான். நீங்கள் ஒரே சைக்கிளில்தான் பயிற்சி செய்வீர்கள் என்றால், மாறாத பிழை பொறுத்துக்கொள்ளத் தக்கது; மாறிக்கொண்டே இருக்கும் பிழை பயிற்சியையே கெடுத்துவிடும்.

6. ஃப்ளைவீல் கனமாக இருந்தால்தான் நல்லது என்கிறார்களே?

எடை மட்டும் பேசாது. சேமிக்கப்படும் ஆற்றல், எடை சக்கரத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும், சுழலும் வேகத்தையும் பொறுத்தது; வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே வேகமாகச் சுழலும் 8 கிலோ சக்கரம், மெதுவாகச் சுழலும் 20 கிலோ சக்கரத்துக்கு இணையாக இருக்க முடியும். எண்ணைப் படிப்பதைவிட ஏறி மிதித்துப் பாருங்கள்: கால் மேலே வரும் இடத்தில் சுழற்சி தடுக்கி நிற்காமல் இருந்தால் போதும்.

7. மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பழுதா?

இல்லை. பல சைக்கிள்களில் ஃப்ளைவீலும் பெடலும் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றும்வரை கால் சுற்றியே ஆக வேண்டும். திடீரென்று காலை நிறுத்த முயன்றால் முழங்காலுக்கு ஆபத்து. அவசரத் தடை எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் எதிர்ப்புக் குமிழையே அழுத்தினால் நிற்கும். ஷூ கயிறு தொங்கக் கூடாது, குழந்தைகள் கை வைக்கும் தூரத்தில் சைக்கிள் சுழலக் கூடாது.

அளவீட்டிலும் இதற்கு ஒரு விளைவு உண்டு. கணித்துக் காட்டும் சைக்கிளில், நீங்கள் காலைத் தளர்த்தி, சக்கரம் தானாக ஓடும் விநாடிகளிலும் வாட் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வேலையை அப்போது செய்வது நீங்கள் இல்லை, சக்கரத்தில் சேர்ந்த ஆற்றல். விட்டு விட்டு மிதிக்கும் குறுகிய பயிற்சிகளில் இந்தக் குழப்பம் தெளிவாகத் தெரியும்.

8. ஏற்கெனவே ஒரு சாதாரண சைக்கிள் வைத்திருக்கிறேன். அதில் பவர் மீட்டர் பெடல் மாட்டலாமா?

மாட்டலாம். குறைந்த செலவில் உண்மையான வாட் பெற இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. சாலையில் ஓட்டும் சைக்கிளுக்கும் அதே பெடலை மாற்றிக்கொள்ளலாம். உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவுகோல் கிடைக்கும். கிராங்கின் திருகு 9/16 அங்குலமா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான், சில மலிவான சைக்கிள்களில் 1/2 அங்குலம் இருக்கும். இடப்பக்கப் பெடல் எதிர்த் திசையில் முறுகும் என்பதை மறந்து வலுக்கட்டாயமாகத் திருகிக் கிராங்கைப் பாழாக்கிவிட வேண்டாம்.

செயலியில் கிராங்கின் நீளத்தைச் சரியாக உள்ளிடுவது முக்கியம். 170 மில்லிமீட்டர் கிராங்குக்கு 175 என்று போட்டால், திறன் ஏறத்தாழ 3 சதவீதம் கூடுதலாகத் தெரியும். ஒருபக்கம் மட்டும் அளக்கும் பெடல், இடக்கால் தருவதை இரண்டால் பெருக்கிக் காட்டுகிறது. இரு கால்களுக்கும் உள்ள வேறுபாடு மாறாமல் இருந்தால் 5ஆம் பதிலில் சொன்னதுபோல இதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு காலில் காயம் பட்டவர்கள் மட்டும் இருபக்கப் பெடல் வாங்குவது நல்லது.

9. சீட்டையும் ஹேண்டில்பாரையும் எப்படி அமைப்பது? எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவோம்.

சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 பாகை வளைவு வரும். இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட்டு உயரம் அதிகம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் உயரம் குறைவு. இதிலிருந்து சில மில்லிமீட்டராக மாற்றிப் பாருங்கள்.

சாலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அந்த அளவுகளை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும். இரண்டு பேர் ஓட்டுவதாக இருந்தால், சீட்டுத் தண்டில் அளவுக் கோடுகள் பொறித்த சைக்கிளாக வாங்குங்கள். இருவரின் எண்களையும் எழுதி வையுங்கள். பெடல்களுக்கு இடைப்பட்ட அகலம் மிகுந்த சைக்கிள்களும் உண்டு. கால்களைப் பரப்பி மிதிப்பதாகத் தோன்றினால் அதை வாங்காதீர்கள், அதை எந்தச் சரிசெய்தலும் மாற்றாது.

10. எஃப்டிபி என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்து என்ன செய்வது?

ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்சத் திறன்தான் எஃப்டிபி. ஒரு மணி நேரம் அப்படி மிதிப்பது கொடுமை என்பதால், நன்றாக உடலைச் சூடாக்கிய பிறகு 20 நிமிடம் முடிந்தவரை மிதித்து, அந்தச் சராசரியை 0.95ஆல் பெருக்குவார்கள். 20 நிமிடச் சராசரி 240 என்றால் எஃப்டிபி 228. இன்னொரு வழி, நிமிடத்துக்கு நிமிடம் எதிர்ப்பை ஏற்றிக்கொண்டே போய், கால் கைவிடும்போது கிடைத்த சிறந்த ஒரு நிமிடத்தில் 75 சதவீதம். இது சுருக்கமாக முடியும். ஆனால் குறுகிய வெடிப்பில் வலுவானவர்களுக்கு எண்ணைக் கூட்டிக் கொடுத்துவிடும். அப்படிப்பட்டவர்கள் 20 நிமிடச் சோதனையையே செய்யுங்கள்.

இந்த எண்ணை வைத்துப் பயிற்சி மண்டலங்கள் வகுக்கப்படுகின்றன. எஃப்டிபி 200 என்றால், தாங்குதிறன் மண்டலம் 112 முதல் 150 வாட் வரை (56 முதல் 75 சதவீதம்). எல்லை மண்டலம் 182 முதல் 210 வரை. அதற்கு மேல் 240 வரையிலான மண்டலம், மூன்று முதல் ஐந்து நிமிடத் தொகுதிகளாகச் செய்வதற்கு உரியது. புதியவர்கள் செய்யும் பிழை, ஒவ்வொரு நாளும் நடுத்தரக் கடினத்திலேயே ஓட்டுவது. வாரத்தில் பெரும்பகுதி நேரத்தை 56 முதல் 75 சதவீதத்துக்குள் வைத்து, ஒன்றிரண்டு நாள் மட்டும் உண்மையாகவே கடினமாக ஓட்டுங்கள். எளிய நாளில் எண்ணைக் கட்டுப்படுத்துவதுதான் வாட்டின் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன். பேச்சுக் கொடுக்கும் அளவுக்கு மெதுவாக ஓட்ட மனம் எளிதில் ஒப்புவதில்லை.

11. எர்க் முறையில் போட்டால் திடீரென்று பெடல் கல்லாகி நின்றுவிடுகிறது. ஏன்?

எர்க் முறையில் நீங்கள் எந்த வேகத்தில் மிதித்தாலும் சைக்கிள் அதே வாட்டைப் பிடித்து வைக்கும். 1ஆம் பதிலில் உள்ள பெருக்கலை நினைத்துக்கொள்ளுங்கள்: 250 வாட்டுக்கு 90 சுற்றில் ஏறத்தாழ 27 நியூட்டன் மீட்டர் போதும். களைத்துப்போய் 60க்கு இறங்கினால் 40 ஆகிறது. 50க்கு இறங்கினால் 48. கனம் கூடக் கூட இன்னும் மெதுவாகிறீர்கள். மெதுவாக ஆக ஆகச் சைக்கிள் இன்னும் இறுக்குகிறது. கடைசியில் நின்றுவிடும்.

கடினமான தொகுதி தொடங்குவதற்குச் சில விநாடிகள் முன்பே சுற்றை 90, 95க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். நின்றுவிட்டால் முண்டியடிக்காமல் எர்க் முறையை அணைத்து, வேகம் சேர்த்து, மீண்டும் போடுங்கள். பத்து, இருபது விநாடி விரைவோட்டங்களுக்கு எர்க் முறை பொருந்தாது. சைக்கிள் எதிர்ப்பை மாற்றி முடிப்பதற்குள் தொகுதி முடிந்துவிடும். அவற்றைக் கையால் எதிர்ப்பு வைத்து ஓட்டுங்கள்.

12. வெளியே ஓட்டும்போது வரும் வாட் உள்ளே வருவதில்லை. சைக்கிள் குறைத்துக் காட்டுகிறதா?

இரண்டையும் ஒரே பவர் மீட்டரால் அளந்தீர்களா என்பதைப் பொறுத்தது. பெடலில் அளப்பது உங்கள் கால் தருவதை. சக்கரத்தில் அளப்பது சங்கிலியிலும் தாங்கிகளிலும் வீணாகும் சில சதவீதம் போக மிஞ்சுவதை. ஆகவே இரண்டு கருவிகள் வேறுபடுவது இயல்பு.

ஒரே கருவியாலேயே அளந்தும் உள்ளே குறைவாக வந்தால், முதல் காரணம் வெப்பம். மனித உடல் செலவிடும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது. 200 வாட் மிதிக்கும்போது 600 முதல் 800 வாட் வெப்பமாக வெளியேற வேண்டும். சாலையில் எதிர்க்காற்று அதைக் கொண்டுபோகிறது, அறையில் எதுவும் கொண்டுபோவதில்லை. பெரிய விசிறி ஒன்றை நெஞ்சுக்கு நேராக வையுங்கள், தேவைப்பட்டால் முதுகுக்கும் ஒன்று. திரைக்கும் செயலிக்கும் செலவிடும் முன் விசிறிக்குச் செலவிடுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். இரண்டாவது காரணம், சைக்கிள் உங்களோடு ஆடாமல் இறுகி நிற்பது. அது சில வாரங்களில் பழகிவிடும். அதற்குப் பிறகும் வேறுபாடு இருந்தால், உள்ளே ஓட்ட உள்ளே எடுத்த எஃப்டிபியை வைத்துக்கொள்ளுங்கள்.

13. பூஜ்யத் திருத்தம் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டுமா?

ஸ்ட்ரெயின் கேஜ் உள்ளவற்றுக்கு, ஆம், ஓட்டத் தொடங்கும் முன் செய்வது நல்ல பழக்கம். வெப்பநிலை மாறினால் அதன் தொடக்கப் புள்ளி நகர்கிறது. குளிரறையிலிருந்து கொண்டுவந்த பெடலை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, காலை எடுத்துவிட்டு, செயலியில் திருத்தம் கொடுங்கள். கால் பெடலில் இருக்கும்போது கொடுத்தால் அன்றைய எண்கள் அத்தனையும் பிழையாகும். அட்டவணை வகைச் சைக்கிளுக்குத் தயாரிப்பாளர் சொன்ன முறை எதுவோ அதை, இடம் மாற்றிய பிறகும் பாகம் மாற்றிய பிறகும் செய்யுங்கள்.

14. செயலியில் இணைத்தால் வாட் அறுந்து அறுந்து வருகிறது.

புளூடூத்தில் பல சைக்கிள்கள் ஒரு நேரத்தில் ஒரே கருவியோடுதான் பேசும். கைபேசி பின்னணியில் பிடித்து வைத்திருந்தால் கணினிக்குக் கிடைக்காது. ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா முறையில் ஒரே சமயத்தில் பல கருவிகள் கேட்கலாம். வாங்கும்போது, பல செயலிகளோடும் பேச உதவும் எஃப்டிஎம்எஸ் என்ற பொதுத் தரத்தை ஆதரிக்கிறதா என்று பாருங்கள்; தன் செயலியோடு மட்டும் பேசும் சைக்கிளை நான் வாங்க மாட்டேன். அந்தச் செயலி நின்றுவிட்டால் சைக்கிள் ஊமையாகிவிடும்.

15. திரையில் காட்டும் கலோரியை நம்பலாமா?

வாட் அளந்ததாக இருந்தால், கிலோஜூலைப் பாருங்கள். ஒரு மணி நேரம் சராசரி 150 வாட் என்றால் 540 கிலோஜூல் வேலை. ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல், உடலின் செயல்திறனோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், 540 கிலோஜூல் வேலைக்கு உடல் செலவிட்டது ஏறத்தாழ 540 கிலோகலோரி. 3ஆம் பதிலில் சொன்ன ஊக வகைச் சைக்கிளின் கலோரி, ஊகத்தின்மேல் ஊகம்.

16. வியர்வையால் சைக்கிள் துருப்பிடிக்குமா?

பிடிக்கும். உப்புநீர் ஹேண்டில்பார் திருகுகளிலும் சீட்டுத் தண்டிலும் இறங்கி அவற்றை அசையாமல் இறுக்கிவிடும். ஓட்டும்போது துண்டு போர்த்துங்கள், முடிந்ததும் துடையுங்கள், மாதம் ஒருமுறை சீட்டுத் தண்டைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். பெடலும் கிராங்கும் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் அப்போதே பாருங்கள்.

17. சைக்கிளை மாற்றினேன், எஃப்டிபி 20 வாட் கூடிவிட்டது. நான் முன்னேறிவிட்டேனா?

ஒரே நாளில் யாரும் 20 வாட் முன்னேறுவதில்லை. பழைய சைக்கிளை இன்னும் கொடுத்துவிடவில்லை என்றால், ஒரு பவர் மீட்டர் பெடலை இரவல் வாங்கி இரண்டிலும் மாட்டுங்கள். 100, 150, 200, 250 வாட்டில் ஐந்தைந்து நிமிடம் மிதித்து, பெடல் சொல்வதையும் திரை சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு படியிலும் வேறுபாடு ஒரே சதவீதமாக இருந்தால், பழைய பதிவுகளை அந்தச் சதவீதத்தால் திருத்திக்கொண்டு தொடரலாம். படிக்குப் படி மாறினால் அந்த இரண்டில் ஒன்று நம்பத் தகாதது. எது என்பதை எண்களே காட்டிவிடும்.

பெடல் கிடைக்கவில்லை என்றால் இதயத்துடிப்பை நடுவராக வையுங்கள். ஒரே விசிறி, ஒரே நேரம், நன்றாக ஓய்வெடுத்த நாள். 20 நிமிடம் ஒரே துடிப்பில் ஓட்டிப் பாருங்கள். அதே துடிப்புக்குப் புதிய சைக்கிள் 20 வாட் கூடுதலாகக் காட்டினால், அந்த 20 சைக்கிளுடையது. பழைய வரைபடத்தை அங்கேயே நிறுத்தி, புதிய சைக்கிளுக்குப் புதிய வரைபடம் தொடங்குங்கள்.